ஒரு காட்டுக்கு எத்தனை மரம் வரைவது?

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் முதலில் விளையாட்டாகத் தோன்றலாம். உலகில் எங்குமே இல்லாத ஒரு தீவுக்கு நிலவரைபடம் தயாரிப்பதும், அதற்கு வேண்டிய மலை, மரம், வீடு ஆகிய குறியீடுகளைக் கணினியில் தொகுதி தொகுதியாக அமைப்பதும்தான் பொருள். இதற்கும் நம் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று சமூக அறிவியல் ஆசிரியர் கேட்கலாம். தொடர்பு நேரடியானது.

நம் மாணவர்கள் தேர்வில் அச்சிட்ட நிலவரைபடத்தில் இடம் குறிக்கிறார்கள். முறைக் குறியீடுகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் "இந்தப் பொருளுக்கு எந்தக் குறியீடு வைக்கலாம்? இதையும் அதையும் ஒரே குறியீட்டால் காட்டலாமா?" என்று முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. உண்மையான ஊரின் படத்தில் அந்த முடிவுகளை வேறு யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். கற்பனைத் தீவில் எல்லாவற்றையும் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் இது நல்ல பயிற்சி.

கதைக்கு முன்னால் வந்த வரைபடம்

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தின் ஹாவொர்த் என்னும் ஊரில் வாழ்ந்த பிராண்டே குடும்பத்துக் குழந்தைகள், 1826ஆம் ஆண்டு தந்தை வாங்கி வந்த பொம்மைப் போர்வீரர்களை வைத்து ஒரு கற்பனை நாட்டையே உருவாக்கினார்கள். அதற்குக் கதை எழுதினார்கள், சின்னஞ்சிறு இதழ்கள் தயாரித்தார்கள், வரைபடமும் வரைந்தார்கள். பின்னாளில் ஆங்கில இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற சகோதரிகளும் அவர்களுள் இருந்தார்கள்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் சிறுவயது மகனோடு சேர்ந்து ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான் 'புதையல் தீவு' நாவல். நூலாக அச்சேறும் நேரத்தில் மூல வரைபடம் தொலைந்துவிட்டது. கதையில் எங்கெங்கே குன்று, விரிகுடா, கோட்டை என்று சொல்லியிருக்கிறோம் எனத் தேடிக் குறித்துக்கொண்டு, அளவுக்கருவி வைத்து மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. வரைபடமும் கதையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் பக்கத்திலும் ஆர்.கே. நாராயணின் மால்குடி இருக்கிறது. சரயு நதியும் மெம்பி மலையும் கொண்ட அந்த ஊரைப் படித்த மாணவரிடம் "படம் போட்டுக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே பென்சிலைத் தேடுவார்.

ஒரே மரம் இருநூறு முறை

இனி கணினிக்கு வருவோம். பிள்ளைகள் ஒரு மரத்தை வரைகிறார்கள். நகலெடுத்து, ஒட்டி, மீண்டும் ஒட்டி இருநூறு மரம் ஆக்கிக் காடு என்கிறார்கள். பார்த்தால் காடாகத் தெரிவதில்லை. புடவைக் கரையில் அச்சடித்த பூப்போலத் தெரிகிறது. ஒரே உருவம் திரும்பத் திரும்ப வந்தால் நம் கண் அதைக் கோலமாகவே எடுத்துக்கொள்ளும்.

கற்பனை நிலவரைபடத்துக்கென்றே உள்ள மென்பொருள்கள் இந்தச் சிக்கலுக்கு வழி வைத்திருக்கின்றன. 'கேம்பெயின் கார்ட்டோகிராஃபர்' என்னும் மென்பொருளில் ஒரே வகையைச் சேர்ந்த பல படங்களை ஒரு தொகுதியாக அமைத்துவிடலாம். பட்டியலில் அது ஒரே குறியீடாக நிற்கும். படத்தில் ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் தொகுதியிலிருந்து ஏதோ ஒரு மரம் வந்து அமரும். 'வொண்டர்டிராஃப்ட்' மென்பொருளில் படங்களைத் தனித்தனிக் கோப்புறைகளில் பிரித்து வைப்பதே தொகுதி ஆகிறது. இவை விலை கொடுத்து வாங்க வேண்டியவை. நாம் இன்று செய்யப்போவதற்கு இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' போதும்.

செய்முறைக்குப் போகுமுன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வரைகலை மென்பொருள்களில் 'குரூப்' என்ற சொல்லை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். சுவர், கூரை, கதவு என்று தனித்தனியாக வரைந்த துண்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே வீடாக்குவது அது. அதைக் குழுவாக்குதல் என்போம். பல துண்டு சேர்ந்து ஒரு பொருள். நான் பேசும் தொகுதி வேறு. ஐந்து வீடுகள் தனித்தனியாகவே இருக்கும்; ஆனால் 'வீடு' என்ற ஒரே பெயரின் கீழ் நிற்கும். பல வடிவம், ஒரே பொருள். பெரும்பாலும் முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவதைச் செய்ய வேண்டும். துண்டுகளைக் கட்டாமல் தொகுதியில் போட்டால், கூரை ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் போய் விழும்.

குறிப்பில் எத்தனை வரி?

இப்போது மையமான கேள்வி. எந்தெந்தப் படங்களை ஒரே தொகுதியில் வைக்கலாம்?

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நிலவரைபடத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும் அல்லவா? அதில் இந்தப் படங்கள் அனைத்துக்கும் ஒரே வரி போதுமானால், அவை ஒரே தொகுதி. இரண்டு வரி தேவைப்பட்டால், இரண்டு தொகுதி.

இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றின் குறியீட்டுப் பட்டியலில் பனைக்குத் தனிக் குறியீடு, மற்ற பனையின மரங்களுக்கு வேறு, வாழைக்கு, மூங்கிலுக்கு, ஊசியிலை மரத்துக்குத் தனித்தனி, ஏனைய மரங்களுக்குப் பொதுவாக ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். வேம்பும் புளியும் பார்ப்பதற்கு வேறுவேறுதான். ஆனால் 'ஏனைய மரங்கள்' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டன. பனை தனி வரி பெற்றது. ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். வெட்டவெளியில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் மரம் எது, வழி தேடுகிறவருக்கு எது உதவும், தோப்பு எந்த மண்ணில் வளரும் என்று பேச்சு தானாக விரியும். மரத்தை வகைப்படுத்துவது யாருடைய தேவைக்காக என்ற கேள்வி அங்கே பிறக்கிறது.

கற்பனைத் தீவிலும் அதேதான். ஒரு பிள்ளை தன் 'வீடு' தொகுதியில் நான்கு குடிசையும் ஒரு கோபுரமும் வைத்திருக்கிறது என்று கொள்வோம். கணினி தன் போக்கில் எடுத்து வைக்கும்போது கோபுரம் எந்த ஊரில் வந்து விழும் என்று சொல்ல முடியாது. படிக்கிறவரோ, "இந்த ஊரில் ஒரு கோயில் இருக்கிறது" என்று நம்பிவிடுவார். பொருள் இல்லாத இடத்தில் பொருள் முளைத்துவிட்டது. எனவே விதி இது: தொகுதிக்குள் இருக்கும் வேறுபாடு எதையும் சொல்லக்கூடாது, தொகுதிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

அளவிலும் இது பொருந்தும். ஒரு மரம் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால், அது தலவிருட்சமோ எல்லை மரமோ என்று வாசகர் நினைப்பார். பிரெஞ்சு வரைபடவியல் அறிஞர் ழாக் பெர்த்தன் 1967இல் வெளியிட்ட நூலில் இடம், அளவு, வடிவம், நிறம் போன்றவற்றைக் கண்ணுக்குச் செய்தி சொல்லும் கூறுகள் என்று வகுத்துக் காட்டினார். அளவு என்றால் 'அதிகம், குறைவு' என்றே கண் படிக்கும். ஆகவே தொகுதிக்குள் சிறிதளவு ஏற்ற இறக்கம் மட்டும் போதும்.

தாளில் செய்ய வேண்டியவை

கணினி வேலை பாதிதான். மீதிப் பாதி தாளில் முடிந்துவிட வேண்டும். வகுப்பில் 32 மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு மரம் வரையச் சொல்கிறோம். எந்த மரம் என்பது அவர்கள் விருப்பம். ஆனால் சில கட்டுப்பாடுகளை எல்லாரும் ஏற்க வேண்டும்.

ஒன்று, 5 செ.மீ. சதுரக் கட்டத்துக்குள் வரைய வேண்டும். மரத்தின் அடி, கட்டத்தின் கீழ்க்கோட்டில் நடுவில் நிற்க வேண்டும். அடிக்கோடு ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தால் படத்தில் சில மரம் பறக்கும், சில புதையும்.

இரண்டு, எல்லாரும் ஒரே வகைக் கறுப்புப் பேனாவைப் பயன்படுத்த வேண்டும். கோட்டின் தடிமன் ஒத்துப்போனாலே பாதி ஒற்றுமை வந்துவிடும்.

மூன்று, வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்ள வேண்டும். நிழல் போடுகிறவர்கள் வலப்பக்கம் போட வேண்டும்.

நான்கு, மரத்தின் வெளிக்கோடு எங்கும் விடுபடாமல் முழுதாக மூடியிருக்க வேண்டும். இதன் காரணத்தைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

இந்த விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பொது விதிக்குள் தன் விருப்பத்தைக் காட்டுவது எப்படி என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஜிம்ப்பில் தொகுதி அமைத்தல்

வரைந்த தாள்களை ஸ்கேன் செய்யுங்கள். வசதி இல்லையென்றால் நல்ல பகல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு மரத்தையும் தனிக் கோப்பாக வெட்டி, மரம் 01, மரம் 02 என்று ஒரே அடிப்பெயரும் வரிசை எண்ணும் கொடுத்துச் சேமியுங்கள். கேம்பெயின் கார்ட்டோகிராஃபர் போன்ற மென்பொருள்களிலும் தொகுதி உறுப்புகளுக்கு இப்படிப் பெயரிடுவதே வழக்கம். பிறகு தேடும்போது இந்த ஒழுங்கு நம்மைக் காப்பாற்றும்.

ஜிம்ப்பில் 200க்கு 200 படப்புள்ளி அளவில், பின்னணி நிறமில்லாத ஒரு புதிய படம் திறந்துகொள்ளுங்கள். 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' கட்டளை மூலம் 32 மரங்களையும் தனித்தனி லேயர்களாக உள்ளே கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றையும் கட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, லேயரின் அளவைப் படத்தின் அளவுக்குச் சமமாக்குங்கள். முதலில் இருந்த வெற்று லேயரை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை 33 ஆகிவிடும்; அவ்வப்போது மரமே விழாத சொடுக்கும் வரும்.

அடுத்து வெள்ளைப் பின்னணியை நீக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு லேயருக்கும் 'ஆல்ஃபா சேனல்' இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேருங்கள். மந்திரக்கோல் படம் போட்ட தேர்வுக் கருவியால் மரத்துக்கு வெளியே உள்ள வெள்ளையைச் சொடுக்கி அழித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளையைத் தொடாதீர்கள். எல்லா வெள்ளையையும் எடுத்துவிட்டால் மரம் கண்ணாடிபோல் ஆகி, பின்னால் நிற்கும் மரத்தின் கோடுகள் முன்மரத்தின் வழியே தெரியும். வெளிக்கோடு மூடியிருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். கோட்டில் இடைவெளி இருந்தால் தேர்வு அதன் வழியே உள்ளே புகுந்துவிடும்.

பிறகு எக்ஸ்போர்ட் கட்டளையைத் திறந்து, கோப்பின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து ஜி, ஐ, எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். ஒரு சாளரம் திறக்கும். படங்களின் எண்ணிக்கை 32, பரிமாணம் 1, அதற்கான 'ராங்க்' 32 என்று கொடுங்கள். தேர்வு முறை என்ற இடத்தில் 'ரேண்டம்' என்று தேர்ந்தெடுங்கள். இடைவெளியை 100 விழுக்காடு அளவுக்கு வையுங்கள். கோப்பை ஜிம்ப்பின் 'பிரஷஸ்' கோப்புறையில் சேமியுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை அமைப்புகள் பகுதியில் கோப்புறைகள் பட்டியலில் பார்க்கலாம். தூரிகைப் பலகத்தைப் புதுப்பித்தால் உங்கள் வகுப்பின் காடு ஒரு தூரிகையாக வந்து நிற்கும். சொடுக்கச் சொடுக்க வேறு வேறு மரம் விழும்.

இதே முறையில் மலைக்கு ஒரு தொகுதி, குடிசைக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று செய்யலாம். மலையைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைவது 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களின் பழக்கம். சமஉயரக் கோடுகள் பரவலானது அதற்கு வெகுகாலம் பிறகுதான். கற்பனை வரைபடங்கள் இன்றும் அந்தப் பழைய பாணியையே பின்பற்றுகின்றன. உயர்நிலை வகுப்பில் ஒரே மலையை இரண்டு முறையிலும் வரையச் செய்து, எதில் உயரத்தை அளந்து சொல்ல முடிகிறது என்று கேட்கலாம்.

நடும் முறை

படத்தில் குறியீடுகளை மேலிருந்து கீழாக வையுங்கள். மேலே இருப்பது தொலைவு, கீழே இருப்பது அருகு. பின்னால் வைப்பது முன்னதை மறைக்கும் என்பதால், கீழிருந்து தொடங்கினால் தொலைவிலுள்ள மரம் அருகிலுள்ளதன்மேல் ஏறி நிற்கும். மரத்தையும் வீட்டையும் சுழற்றக்கூடாது, பாறையைச் சுழற்றலாம். நிழல் போட்ட படத்தை இடம்வலமாகத் திருப்பினால் நிழலும் பக்கம் மாறிவிடும், ஒரே தீவில் இரண்டு சூரியன் இருப்பதுபோல் ஆகும்.

யாருடைய மரம் வரவில்லை?

இங்கே ஓர் ஆசிரியராக நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் வருகிறது.

பொதுவாக என்ன செய்கிறோம்? 32 படங்களில் நன்றாக இருக்கும் ஐந்தைத் தேர்ந்து சுவரில் ஒட்டுகிறோம். அந்த ஐந்து பேர் ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே ஐந்து பேர்தான். மற்றவர்கள் தங்களுக்குப் படம் வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். காடு அப்படிப்பட்டதல்ல. எல்லா மரமும் நேராக, அழகாக இருந்தால் அது தோட்டம். கோணல் மரமும், கிளை ஒடிந்ததும், ஒரு பக்கம் சாய்ந்ததும் சேர்ந்தால்தான் காடு. படம் சரியாக வராத பிள்ளையின் கோணல் மரம் இங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது. நாம் ஆறுதலுக்காகச் சேர்த்துக்கொள்வதல்ல அது. அதை எடுத்துவிட்டால் படம் கெடும் என்பதைத் திரையில் எடுத்துக் காட்டலாம்.

ஆனால் தொகுதியில் சேர்த்துவிட்டதாலேயே அந்த மரம் படத்தில் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. கணினி தன்போக்கில் அல்லவா எடுக்கிறது? இதைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு சொடுக்கில் ஒரு குறிப்பிட்ட மரம் வராமல் போக நிகழ்தகவு 31/32. 40 சொடுக்கிலும் வராமல் போக, அதை 40 முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.28. அப்படியானால் 40 மரம் மட்டும் நட்ட காட்டில், சராசரியாக 9 பேருடைய மரம் இடம்பெறாது. ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இடம் இருந்தும் இப்படி ஆகும். 200 மரம் நட்டால் அந்த நிகழ்தகவு 0.002க்கும் கீழே போய்விடும். பெரும்பாலும் எல்லாருடைய மரமும் வந்துவிடும்.

தற்செயல் என்பது சமவாய்ப்பு தரும்; சமபங்கு தரும் என்று உறுதி இல்லை. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் நாணயம் சுண்டிச் சொல்வதைவிட, "என் மரம் எங்கே சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது சொல்வது ஆழமாகப் பதியும். தீர்வும் உண்டு. ஏற்றுமதிச் சாளரத்தில் 'ரேண்டம்' என்பதற்குப் பதிலாக 'இன்கிரிமென்டல்' என்று தேர்ந்தால் மரங்கள் வரிசையாக, ஒன்று விடாமல் வரும். இரண்டு கோப்பாகச் சேமித்துக்கொண்டு, முதல் 32 மரத்தை வரிசைத் தூரிகையால் இடைவெளி விட்டுத் தீவெங்கும் நட்டு, மீதியைத் தற்செயல் தூரிகையால் நிரப்புங்கள். முன்னது நம் பொறுப்பு, பின்னது காட்டின் இயல்பு.

கணினி இல்லாத வகுப்பில்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், "எங்களிடம் ஒரு கணினிதானே இருக்கிறது" என்று நினைக்கலாம். வெண்டைக்காயை வெட்டி வண்ணத்தில் தொட்டு அச்சு வைக்கும் வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள். நுனியில் வெட்டிய துண்டு, நடுவில் வெட்டிய துண்டு, அடியில் வெட்டிய துண்டு என்று பத்துத் துண்டுகளை ஒரு தட்டில் போட்டால் அதுவே பூந்தோட்டத் தொகுதி. உருளைக்கிழங்கில் செதுக்கிய முக்கோணங்கள் மலைத் தொகுதி. பிள்ளை கண்ணை மூடி ஒரு துண்டை எடுத்து அச்சு வைக்கட்டும். தட்டு மாறினால் பொருள் மாறும். தட்டுக்குள் துண்டு மாறினால் பொருள் மாறாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது போதும்.

மதிப்பிடுவது எப்படி?

படம் முடிந்ததும் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரு குழுவின் வரைபடத்தை மற்றொரு குழுவிடம் கொடுங்கள். குறிப்பை மட்டும் பார்த்து மூன்று கேள்விக்கு விடை சொல்லட்டும்: துறைமுகத்திலிருந்து மலை அடிவாரத்துக்குப் போகும் வழியில் எவற்றைக் கடக்க வேண்டும்? குடிநீர் எங்கே கிடைக்கும்? இந்தப் படத்தில் குறிப்பில் இல்லாத குறியீடு ஏதேனும் உண்டா? வரைந்தவர்கள் பக்கத்தில் நின்று வாய்விட்டு விளக்கம் சொல்லாமல் மூன்றுக்கும் சரியான விடை வந்தால், வரைபடம் தேறிவிட்டது. வராவிட்டால் எந்தத் தொகுதியைப் பிரிக்க வேண்டும், எவற்றை இணைக்க வேண்டும் என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். இணையத்திலிருந்து எடுத்த குறியீடுகளை உரிமம் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம். நம் பிள்ளைகள் வரைந்ததே போதும். வரைபடத்தின் ஓரத்தில் அளவை, திசை, குறிப்பு இவற்றோடு 'குறியீடுகள் வரைந்தோர்' என்று ஒரு கட்டம் போட்டு 32 பெயரையும் வரிசை எண்ணோடு எழுதுங்கள். 17ஆம் எண் மரம் யாருடையது என்று தேடிக் கண்டுபிடிக்க, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நிற்பார்கள். நிலவரைபடத்தை ஊன்றிப் படிப்பது அங்கிருந்தே தொடங்கட்டும்.